அபராதம் இங்கே செலுத்தவும்

உபால்டோ ரயேல் என் அம்மாவின் தம்பி. முப்பத்தோரு வருடம் அமெரிக்காவின் சாண்டா ஃபே நகரசபையில் வேலை பார்த்தார். தெருவோர நிறுத்த மீட்டரில் காசு தீர்ந்த வண்டிகளின் கண்ணாடியில் அபராதச் சீட்டு செருகுவதுதான் வேலை. போன மார்ச்சில் அவரை அடக்கம் செய்தோம். பதினோரு பேர் வந்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் செய்தி உண்மைதானா என்று உறுதி செய்துகொள்ள வந்தவர்கள் என்பது என் சந்தேகம். ஒருவர் பெரிய கருப்புத் தொப்பியோடு ஒஹையோவிலிருந்து வந்திருந்தார். அவருக்கு மாமா எப்படிப் பழக்கம் என்று சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

ஊரில் மாமா சீட்டு எழுதாத குடும்பம் இல்லை. என் முதல் நற்கருணை விழாவன்று பூசை வைக்க வந்த பாதிரியாரின் வண்டிக்கு, பூசை நடந்துகொண்டிருக்கும்போதே எழுதினார். எழுதிவிட்டு உள்ளே வந்து அவர் கையாலேயே நற்கருணை வாங்கிக்கொண்டார். அடுத்தவன் மீட்டரில் நாம் காசு போடுவது நகரத்தின் பையிலிருந்து திருடுவதற்குச் சமம் என்று உறவினர் வீட்டுக் கல்யாணங்களில் பேசுவார். அதனால் கல்யாண அழைப்புகள் எங்களுக்குக் குறைவு.

முகங்கள் அவர் நினைவில் நிற்காது. வண்டி எண் நின்றுவிடும்.

"மாமா, அது நம்ம ரோசெண்டாவோட மூத்த பொண்ணு."

"எந்த ரோசெண்டா?"

"உங்க சித்தி மக!"

"ஓ, பச்சை பிக்கப். வலது பக்கம் இடிச்சிருக்கும்."

மாமா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் அப்பா போன பிறகு அம்மாவோடும் என்னோடும்தான் இருந்தார். எங்கள் வீடு கேன்யன் ரோட்டின் நடுவில் இருக்கிறது. அந்த அரை மைல் தெருவில் எத்தனை கலைக் கேலரி என்று யாரும் சரியாகச் சொன்னதில்லை. எண்ணி முடிப்பதற்குள் இன்னொன்று திறந்துவிடும். எங்கள் ஊரில் கட்டடம் என்றால் மண் நிறத்தில், மழுங்கிய மூலைகளோடுதான் இருக்க வேண்டும் என்பது சட்டம். வங்கியும் அப்படித்தான், பெட்ரோல் பங்கும் அப்படித்தான். ஐந்து கேலரிகளுக்குள் நுழைந்து வந்தவர்கள் ஆறாவதாக எங்கள் வீட்டுக்குள் நுழைவார்கள். டல்லஸிலிருந்து வந்த ஒரு அம்மாள் எங்கள் சமையல் மேடையில் காய்ந்துகொண்டிருந்த தட்டுகளைக் கால் மணி நேரம் பார்த்தாள். பிறகு வாசலில் சேறோடு கிடந்த மாமாவின் பூட்ஸைக் காட்டி, விலை என்ன என்று கேட்டாள்.

"காலோட சேத்து வேணுமா, தனியாவா?" என்றார் மாமா.

அதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகத்தான் இருந்தது, அம்மா படுக்கும்வரை.

ஏழு வருடத்துக்கு முந்தைய ஜூன் மாதம் அது. அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. பெயர் டெல்ஃபினா. இதயம் களைத்துவிட்டது, இனி மருத்துவமனையில் செய்வதற்கு ஒன்றுமில்லை, கோடை முடியும்வரை இருக்கலாம் என்றார் டாக்டர். முன்னறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டோம். வெயிலுக்குக் கதவைத் திறந்து வைத்தோம். எங்கள் தெருவில் திறந்த கதவு என்றால் அழைப்பு என்று அர்த்தம்.

வாரம் இரண்டு முறை வரும் நர்ஸ் கொரின் முதல் நாளே சொல்லிவிட்டாள். "இவங்களுக்கு அமைதி வேணும். இந்தச் சந்தைக்கடையில படுக்க வச்சா நாள் கொறையும். பின்னறைக்கு மாத்துங்க."

பின்னறை வடக்குப் பார்த்தது. சிலேட்டு அளவுக்கு ஒரு ஜன்னல். பழைய டயர்கள், பீன்ஸ் மூட்டைகள், நகரசபை தூக்கிப் போட்டபோது மாமா எடுத்துவந்த அறிவிப்புப் பலகைகள், இவ்வளவும் அங்கேதான்.

"அந்த அறைக்கு என்னை நாலு பேரு தூக்கிட்டுத்தான் போகணும்" என்றாள் அம்மா.

"நீ இங்கதான்க்கா இருப்ப. எவன் உள்ள வரான்னு நான் பாத்துக்கறேன்" என்றார் மாமா. ஓய்வு பெற்றிருந்த அவருக்கு அந்தக் கோடை முழுக்க வேறு வேலை இருக்கவில்லை.

ஜூன் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, நான் சமையலறையில் பீன்ஸில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். முன்னறையில் குரல் கேட்டு எட்டிப் பார்த்தேன். தலையிலிருந்து கால்வரை கருப்பு உடுத்திய ஒரு கணவனும் மனைவியும், கட்டிலுக்கு ஆறடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். அம்மா கண்மூடிப் படுத்திருந்தாள்.

"மூச்சு விடற மாதிரியே இருக்கு பாரேன்" என்றான் அவன்.

"மெழுகு. கை நரம்பப் பாருங்க, என்ன உழைப்பு! கிட்டப் போகாதீங்க, அலாரம் அடிக்கும்."

"செஞ்சவர் பேரே எங்கயும் போடலையே."

"பேர் போடாததுலதான் விஷயமே இருக்கு. வயசானவங்களுக்கு இந்த நாட்டுல பேரு இல்லன்னு சொல்றாரு."

அம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "சிவப்பா, பச்சையா?" என்றாள்.

எந்த மிளகாய்க் குழம்பை ஊற்றுவது என்று எங்கள் ஊர் ஹோட்டல்களில் உட்கார்ந்தவுடன் கேட்கிற கேள்வி அது. இரண்டும் வேண்டுமென்றால் 'கிறிஸ்துமஸ்' என்போம். அந்தப் பெண் போட்ட சத்தத்தில் எதிர் வரிசையில் நாய் குரைத்தது. கணவன் அவளை முந்திக்கொண்டு வாசலைத் தாண்டினான். அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், உதடு நீலமாகிவிட்டது. கொல்லையிலிருந்து ஓடிவந்த மாமா இருமலைத்தான் பார்த்தார். நானும் பிறகு இருமலைத்தான் நினைவில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாமா ஒரு பலகைக்கு வெள்ளையடித்தார். சீட்டு எழுதிப் பழகிய கையால், 'இது வீடு. கேலரி அல்ல' என்று எழுதி வாசலில் மாட்டினார். வந்தவர்கள் நின்று படித்தார்கள். ஆழமான கருத்து என்று பாராட்டிவிட்டு உள்ளே வந்தார்கள்.

அடியில் இரண்டாவது வரி சேர்ந்தது: 'மேலே உள்ளது கருத்து அல்ல.' அதற்குக் கூட்டம் இன்னும் அதிகமானது.

மாமா சட்டம் தெரிந்தவர். ஒரு விதியை மீறினால், மக்களுக்கு விதிகள் போதவில்லை என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். ஜூலை நடுவில் பலகையில் பதினான்கு வரிகள் இருந்தன. இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏழாயிரம் அடி உயரம், தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள், மயங்கி என் படியில் விழுந்தால் தூக்க எனக்கு வயதில்லை. மதியம் இரண்டு மணிக்கு மழை வரும், வராது என்று ஹோட்டல்காரன் சொன்னாலும் வரும், எங்கள் மரத்தடியில் ஒதுங்காதீர்கள், மின்னலுக்கும் அந்த மரம் தெரியும். சுவர் உண்மையிலேயே மண்தானா என்று நகத்தால் சுரண்டிப் பார்க்காதீர்கள், மண்தான். சதுக்கத்தில் தாழ்வாரத்தின் கீழ் நகை விற்கும் பெண்களிடம் நீங்களே செய்ததா என்று கேட்காதீர்கள், காலையிலிருந்து நூறு பேருக்குப் பதில் சொல்லிவிட்டார்கள். சிவப்பா பச்சையா என்று கேட்டால் எது காரம் குறைவு என்று திருப்பிக் கேட்காதீர்கள், அது அந்தந்த வருட மிளகாய்க்குத்தான் தெரியும். வண்டியைப் பேராலயத்துக்குப் பின்னால் நிறுத்துங்கள், இரண்டு மணி நேரம் என்றால் நூற்றிருபது நிமிடம். கழிப்பறை ஐந்து நிமிட நடை, இங்கே இல்லை.

இந்த ஊருக்கு வருகிறவர்களுக்கு அதைவிட உருப்படியான யோசனைகளை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஆனால் யோசனை கேட்டு நடப்பவர்களாக இருந்தால் அவர்கள் முதல் வரியிலேயே திரும்பிப் போயிருப்பார்கள்.

பழமையைக் காக்கும் குழுவிலிருந்து ஒருவர் அளவு நாடாவோடு வந்தார். பலகையின் நீளம் சரி, எழுத்தின் உயரம் சரி, மரம்தான் ரொம்பப் புதிதாகத் தெரிகிறது என்று எழுதிக்கொண்டு போனார். எதிர் கேலரியின் பிரெண்டிஸ் அம்மாள் கனெக்டிகட்டிலிருந்து வந்து குடியேறியவள். கழுத்தில் எங்கள் வீட்டுச் சாவிக்கொத்தை விடக் கனமான நீலக்கல் மாலை போட்டிருப்பாள். அவளும் வந்தாள்.

"உபால்டோ, உங்ககிட்ட இந்த மாதிரி இன்னும் எத்தனை இருக்கு?"

"உள்ள நாலு கெடக்கு. எல்லாம் 'இங்கே நிறுத்தாதே'."

"கலைத்தொடரா செய்றீங்களா!" என்று மார்பில் கை வைத்துக்கொண்டாள்.

அதே வாரம், ஊர் ஊராகப் போய் எழுதும் யாரோ ஒரு பெண் இணையத்தில் ஒரு பட்டியல் போட்டாள். சாண்டா ஃபேயில் தவறவிடக் கூடாத ஒன்பது இடங்கள். மாமாவின் பலகை நான்காவது. நானூறு வருடப் பழைய கோயில் ஏழாவது. சனிக்கிழமை எங்கள் வாசலில் வரிசை நின்றது. ஒருவர் ஜன்னல் வழியாக அம்மாவைப் படம் எடுத்தார். மாமா கேமராவைப் பிடுங்கப் போக, அவர் தள்ள, அம்மா கட்டிலிலிருந்து எழ முயன்று கீழே சாய்ந்தாள்.

நர்ஸ் கொரின் வந்து நாடி பார்த்துவிட்டுக் கையைக் கழுவினாள். "திங்கட்கிழமைக்குள்ள பின்னறைய ஒழிச்சு வைங்க. இல்லேன்னா டாக்டர்கிட்ட சொல்லி பராமரிப்பு விடுதிக்கு அனுப்பிருவேன். கோவிச்சுக்காதீங்க ரயேல் சார், எனக்கு வேற வழி தெரியல."

மாமா பின்னறைக்குப் போனார். டயர்களை நகர்த்தும் சத்தம் கேட்டது. அம்மா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். அறையை ஒழிக்கிறார் என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்தோம். கால் மணி நேரம் கழித்து, தகரப் பலகை ஒன்றைத் துடைத்துக்கொண்டே வந்தார். அலுவலகம் இடம் மாறியபோது குப்பையில் போட்டது. நீலத்தில் வெள்ளை எழுத்து: 'வாகன நிறுத்த அபராதம் இங்கே செலுத்தவும்.'

பழையதைக் கழற்றிவிட்டு அதை மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை நான் வாசலில் உட்கார்ந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டு வருவார்கள். பலகையைப் பார்ப்பார்கள். மரநாயின் நாற்றம் பட்டதுபோல ஒரு நொடி நிற்பார்கள். எதிர் வரிசைக்குப் போய், எங்கள் வீட்டைத் தாண்டிய பிறகு திரும்பவும் இந்தப் பக்கம் வருவார்கள். இத்தனை வருடமும் கலைக்கு இல்லாத மரியாதை அபராதத்துக்கு இருந்தது. பக்கத்து ஊரான சிமாயோவிலிருந்து ஒரே ஒரு விவசாயி மட்டும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உண்மையான சீட்டோடு வந்தார். மாமா அவரை உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, சீட்டில் தேதி தப்பாக இருப்பதைக் காட்டி, கட்டாமல் தப்பிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். அப்படி ஒன்று அவர் வாயிலிருந்து வந்ததை நான் அன்றுதான் கேட்டேன்.

திங்கட்கிழமை கொரின் வந்தாள். வீட்டில் ஈ பறக்கும் சத்தம் கேட்டது. "இது போதும்" என்றாள். கட்டில் முன்னறையிலேயே இருந்தது. மாமா ஜெயித்துவிட்டார்.

புதன்கிழமை அம்மா சூப்பைத் தள்ளிவிட்டாள். வியாழன் தண்ணீர் மட்டும். வெள்ளி காலையில் மாமாவைக் கூப்பிட்டாள்.

"டேய், தெருவுல யாராச்சும் செத்துட்டாங்களா?"

"இல்லக்கா. ஏன்?"

"ஒரு காலடியும் கேக்கலையே."

"நான்தான் நிறுத்தினேன். நீ நிம்மதியா இருக்கணும்னு."

"நிம்மதி வேணும்னு எவடா கேட்டா? அதுக்குத்தான் கூடிய சீக்கிரம் நெறைய நேரம் கெடைக்கப்போகுதே."

மாமா என்னைப் பார்த்தார். நான் சூப் கிண்ணத்தைப் பார்த்தேன்.

"முப்பது வருஷமா ஒன் மூஞ்சியையும் இவ மூஞ்சியையும் பாத்துட்டு இருக்கேன்" என்றாள் அம்மா. மூச்சு வாங்கி வாங்கித்தான் பேசினாள். "அவங்க தெனமும் புது மூஞ்சியா வராங்க. புதுத் தொப்பி. சதுக்கத்துல காலையில வாங்கி, விலைச் சீட்டக்கூடக் கிழிக்காம, மாடு மேய்க்கிறவன் மாதிரி நடந்து வரானுங்க. அதப் பாக்கத்தான்டா ஜன்னலோரம் படுக்கணும்னேன். இல்லேன்னா எந்த அறையில படுத்தா என்ன?"

"அன்னிக்கு இருமி இருமிச் சாகப் பாத்தியே!"

"சிரிச்சேன்டா, மடையா!"

மாமா வெளியே போய்த் தாழ்வாரத்தில் உட்கார்ந்துகொண்டார். மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. முப்பத்தோரு வருடம் ஊரே திட்டியபோது சுண்டாத முகம் அன்று சுண்டியிருந்தது. சாயங்காலம் தகரப் பலகை இறங்கியது. பழைய பலகையில் பதினைந்தாவது வரி ஏறியது: 'உள்ளே என் அக்கா. ஒரு நேரத்தில் இரண்டு பேர். ஐந்து நிமிடம். தொப்பியைக் கழற்றாதீர்கள், அவளுக்கு அதைப் பார்க்க வேண்டும்.'

கொரின் குதித்தாள். அம்மா நாடி பார்க்கக் கையை நீட்டி, "இப்ப ஒரு தடவ பாரு. நாலு தொப்பி வந்துட்டுப் போனதும் இன்னொரு தடவ பாரு" என்றாள். கொரின் இரண்டு முறையும் பார்த்தாள். "நான் படிச்சதுல இது இல்ல" என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள். பின்னறைப் பேச்சு அதோடு நின்றது.

பிறகு ஐந்து வாரம் அம்மா இருந்தாள். மாமா சீருடைத் தொப்பியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, கையில் கடிகாரத்தோடு வாசலில் நிற்பார். ஐந்து நிமிடம் முடிந்தால் கதவில் இரண்டு தட்டு. மன்றாடினாலும் ஆறாவது நிமிடம் கிடையாது. சாகிற அக்காவுக்கும் மீட்டர் போட்டுவிட்டார் என்று தெருவில் பேசினார்கள். உள்ளே அம்மா தொப்பிகளுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை. அம்மா இரண்டு நாளாகப் பேசவில்லை. யாரையும் விட வேண்டாம் என்றேன். மாமாவும் சரி என்றார். பத்து மணிக்கு ஒருவர் தனியாக வந்து பதினைந்து வரியையும் நின்று படித்தார். அறுபது வயதிருக்கும். கருப்புத் தொப்பி, குடை மாதிரி அகலம், ஓரத்தில் விலைச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தது. மாமா அந்தச் சீட்டைப் பார்த்தார். "அஞ்சு நிமிஷம்" என்று வழி விட்டார்.

அவர் கட்டிலருகே நின்றார். அம்மா கண்ணைத் திறந்து வெகுநேரம் பார்த்தாள்.

"தம்பி, தொப்பிய நீங்க போட்டுருக்கீங்களா, தொப்பி உங்களப் போட்டுருக்கா?"

அவர் சிரித்துவிட்டார். "தெரியலம்மா. என் மனைவி இருந்திருந்தா இதையேதான் கேட்டிருப்பா."

"சிவப்பா, பச்சையா?"

"ரெண்டும்."

"அப்ப கிறிஸ்துமஸ்னு சொல்லணும்" என்று திருத்திவிட்டு அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மாமா கதவைத் தட்டினார். அவர் போனார். பதினொன்றரைக்கு அம்மாவின் மூச்சு நின்றது. நடுவில் எங்கள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

பாதிரியார் வந்து போனார். அடக்கம் செய்யும் நிறுவனத்தார் வந்து எடுத்துப் போனார்கள். திங்கட்கிழமை ஏழு மணிக்கு அம்மாவுக்காகக் கோயிலில் கூடிச் செபமாலை சொல்வது என்று முடிவானது. நான் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன். மாமா திடீரென்று எழுந்தார்.

"அந்தத் தொப்பிக்காரன்."

"என்ன மாமா?"

"அவன்கிட்டதான் கடைசியாப் பேசியிருக்கா. அவனுக்குத் தெரிய வேணாமா?"

சதுக்கத்துக்கு நடந்தோம். விடுமுறை வாரம். எங்கே திரும்பினாலும் கருப்புத் தொப்பி, விலைச் சீட்டோடும் இல்லாமலும். முகம் நினைவில்லாத மனிதர் முகத்தைத் தேடினார். மூன்று பேரை நிறுத்தி, "காலையில என் அக்காவைப் பாத்தது நீங்கதானே?" என்றார். மூவரும் பையை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். சீருடைத் தொப்பியைப் பார்த்து ஒரு பெண் வழி கேட்டாள். மாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டே வழி சொன்னார், கழிப்பறை எங்கே என்பதையும் சேர்த்து.

மூன்று மணிக்கு ஒரு மூலையில் நின்றுவிட்டார். நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஒஹையோ" என்றார். "சாம்பல் கலர். எச் ஆர் கே, ஏழு ஒண்ணு நாலு மூணு. பின்விளக்கு ஒண்ணு ஒடஞ்சிருக்கும். நம்ம வாசல்ல ஒரு சக்கரத்த நடைபாதையில ஏத்தி நிறுத்தியிருந்தான்."

பிறகு அவர் தேடியதை நான் பார்த்துக்கொண்டு மட்டும் வந்தேன். எந்தத் தெரு எத்தனை மணிக்கு நிரம்பும், எது முதலில் காலியாகும் என்று அவர் காலுக்கே தெரிந்திருந்தது. பேராலயத்துக்குப் பின்னால் நின்றது அந்த வண்டி. பலகையில் அவர் சொல்லியிருந்த அதே இடம். இத்தனை நாளில் அந்த யோசனையைக் கேட்டு நடந்த ஒரே ஆள் அவர்தான் போலிருக்கிறது. மீட்டரில் நான்கு நிமிடம் மிச்சம். இரண்டு வண்டி தள்ளி, நகரசபைச் சீருடையில் ஒரு பெண் சீட்டு அடித்துக்கொண்டே வந்துகொண்டிருந்தாள்.

"ரயேல் சாரா! என்ன இந்தப் பக்கம்?"

"இது... தெரிஞ்சவர் வண்டி."

"நாலு நிமிஷம் இருக்கு. அப்புறம் எழுதிருவேன். நீங்க என்னிக்காச்சும் எழுதாம விட்டிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்புறம்?"

மாமா பைகளைத் துழாவினார். செபமாலை, கைக்குட்டை, கடிகாரம். என் பக்கம் திரும்பினார். "காசு வச்சிருக்கியா?"

மூன்று கால் டாலர் இருந்தன. வாங்கினார். அந்தப் பெண் பார்க்கிறாள் என்று தெரிந்தும், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் போட்டார். கடைசிக் காசு உள்ளே விழுந்த சத்தத்துக்குத் தோள்களைக் குறுக்கிக்கொண்டார். பிறகு வண்டியின் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார்.

இருபது நிமிடம் கழித்துத் தொப்பி வந்தது. சீருடைத் தொப்பியில் ஒரு கிழவர் தன் வண்டியருகே நிற்பதைப் பார்த்ததும் ஓட ஆரம்பித்தது.

"எடுத்துடறேன் சார்! இதோ எடுத்துடறேன்! எவ்வளவு கட்டணும்?"

"அபராதம் இல்ல" என்றார் மாமா. தன் தொப்பியைக் கழற்றினார். "அக்காவுக்குச் செபமாலை. திங்கட்கிழமை ஏழு மணி. தொப்பியோட வாங்க."